மண்ணுக்குக் குடுத்த முகங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பச்சைக்கல் முகமூடி படம் போட்டு, கீழ "ஓல்மெக், மெக்ஸிகோ, சுமார் 3000 வருஷம்"னு ஒத்த வரி மட்டும் எழுதியிருந்தோம். அது பத்தலைன்னு நீலகிரிலேர்ந்தும் கொடைக்கானல் பக்கத்துலேர்ந்தும் லெட்டர், வாட்ஸப், வாய்ஸ் மெசேஜ்னு வந்துக்கிட்டே இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க இதுக்கே.

குன்னூர்லேர்ந்து ஒரு வாசகி: மாயா தெரியும், அஸ்டெக் தெரியும். இந்த ஓல்மெக் யாரு சார்?

மாயா, அஸ்டெக்னு மெக்ஸிகோ பக்கத்துப் பழைய சனங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி இருந்தவங்கம்மா. மெக்ஸிகோ வளைகுடாக் கரையோரம், இன்னைக்கு வெராக்ரூஸ், தபாஸ்கோன்னு சொல்ற மாநிலங்கள். கிமு 1200 வாக்குல சான் லொரென்ஸோங்கற ஊர் பெருசா எழும்புச்சு, கிமு 900 வாக்குல அது ஓய்ஞ்சு லா வெந்தாங்கற ஊர் தலையெடுத்துச்சு, கிமு 400 வாக்குல அதுவும் முடிஞ்சு போச்சு. நம்மூர் குளிரெல்லாம் அங்க கிடையாது, சதுப்பு நிலம், பெரிய ஆறுங்க, புழுக்கம், மக்காச்சோள விவசாயம். அவங்க பேரைச் சொன்னாலே எல்லாரும் காட்டுறது அந்தப் பெரிய கல் தலைங்களைத்தான், இதுவரைக்கும் 17 கிடைச்சிருக்கு, ஒவ்வொண்ணும் பல டன் எடை, துஷ்த்லா மலையிலேர்ந்து எரிமலைக் கல்லை வண்டியும் இல்லாம இழுக்க மாடும் இல்லாம மனுஷங்களே கொண்டு வந்தது. ஆச்சரியம்தான், இல்லைங்கலை. ஆனா அவங்க மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னா கைக்கு அடங்குற இந்தச் சின்ன முகங்களைத்தான் பார்க்கணும்னு நான் நினைக்கிறேன்.

கோத்தகிரிலேர்ந்து ஒரு பள்ளி மாணவி: படத்துல இருந்த முகம் எங்க கிடைச்சது? ஏன் அழப்போற மாதிரி வாயை வச்சிருக்கு?

நல்லா பார்த்திருக்கே பாப்பா. அந்தக் கல் ஓல்மெக் ஊர்லயே கிடைக்கலைங்கறதுதான் இதுல பெரிய விஷயம். 1978ல மெக்ஸிகோ சிட்டி நடுவுல கரண்ட் கம்பெனி ஆளுங்க கேபிளுக்குப் பள்ளம் தோண்டும்போது ஒரு பெரிய வட்டக்கல் தட்டுப்பட்டுச்சு, கொயோல்ஷாவ்கிங்கற பெண் தெய்வம் செதுக்குனது. அதைப் பிடிச்சுக்கிட்டே தோண்டிப் போனா அஸ்டெக் மக்களோட பெரிய கோயில், டெம்ப்ளோ மயோர்னு சொல்லுவாங்க, அது வெளிய வந்துச்சு. அந்தக் கோயில்ல சாமிக்குப் படைச்சுப் புதைச்ச குழிங்க நிறைய, அதுல ஒண்ணுலதான் இந்த முகம் இருந்துச்சு. உயரம் வெறும் 10 சென்டிமீட்டர். அஸ்டெக்காரங்க இதைப் புதைச்சது 1470 வாக்குல. அப்பவே அதுக்கு வயசு 2000 வருஷத்துக்கு மேல! கடல்லேர்ந்து கொண்டு வந்த சங்கு, பவழம், வேற வேற ஊர்க்காரங்க செஞ்ச முகமூடின்னு அவங்க சேர்த்து வச்சுப் படைச்ச பொருளுங்களுக்கு நடுவுல, தங்களுக்கு முன்னாடி எப்பவோ வாழ்ந்து முடிஞ்சவங்களோட கல்லும் சாமிக்கு உகந்ததுன்னு நினைச்சிருக்காங்க.

இப்ப வாய்க்கு வருவோம். ரெண்டு ஓரமும் கீழ இறங்கி, மேலுதடு தடிச்சு வெளிய தள்ளி இருக்கு பாரு. கண்ணு பாதாம் பருப்பு வடிவம், கன்னம் உப்பல், உச்சந்தலை நடுவுல பிளந்த மாதிரி ஒரு வெட்டு. இந்த நாலும் ஓல்மெக் கைவேலையில திரும்பத் திரும்ப வரும். ரொம்ப நாள் இதை "பாதி சிறுத்தை, பாதி குழந்தை"ன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, ஜாகுவார்ங்கற அந்த ஊர்ப் பெரிய சிறுத்தை உறுமும்போது வாய் அப்படித்தான் இருக்கும், முகமோ பால் மறக்காத புள்ளை முகம். அப்புறம் வந்தவங்க அந்தத் தலைப் பிளவைக் கவனிச்சாங்க. வேற சில ஓல்மெக் கல்லுங்கள்ல அதே பிளவுலேர்ந்து மக்காச்சோளம் முளைச்சு வருது. அப்ப அது பிளந்த மண்ணு, அதுல வர்ற முளை, அந்த முகம் பயிரோட சாமி. எனக்கு இந்த ரெண்டாவது விளக்கம்தான் மனசுக்குப் பொருந்துது, சோளத்தை நம்பி வாழ்ந்த சனங்க சோளத்துக்கு முகம் குடுக்காம இருப்பாங்களா?

ஊட்டிலேர்ந்து, நாடகம் போடுற தம்பி ஒருத்தர்: இதை மாட்டிக்கிட்டு ஆடினாங்களாண்ணா? கண்ணுல ஓட்டையே இல்லையே?

தம்பி, நீங்க மேடைக்காரர், அதான் நேரா கண்ணுக்குப் போயிட்டீங்க. கல் முகங்கள்ல பல விதம் இருக்கு. சிலது கண்ணு, மூக்கு எல்லாம் துளைச்சு ஆள் முகத்தளவுக்கே இருக்கும், சிலது கண்ணு மூடின கல்லாவே இருக்கும், சிலது நீங்க பார்த்த மாதிரி உள்ளங்கைக்குள்ள அடங்கிரும். ஆனா நிறைய முகத்துல ஓரத்துல காதுப் பக்கமாவோ நெத்தி மேலயோ கயிறு கோக்கத் துளை இருக்கு. அப்ப எதோடயோ சேர்த்துக் கட்டியிருக்காங்க. எதோட? கண்ணே திறக்காத, கையில தூக்குனாலே கனக்குற கல்லை முகத்துல கட்டிக்கிட்டு ஒருத்தன் ஆடியிருப்பான்னு எனக்குத் தோணலை. நம்ம கோயில்ல மூலவருக்கு வெள்ளிக் கவசம் சாத்துறாங்க இல்லையா, அது யாரும் போட்டுக்கறதுக்கு இல்லை, சாமிக்கு முகமா இருக்கறதுக்கு. அந்த மாதிரி மரச்சிலை மேலயோ, துணியில சுத்தி வச்ச பொருள் மேலயோ, இறந்தவங்க மேலயோ கட்டியிருக்கலாம், சின்னதை ராஜா நெஞ்சுலயோ இடுப்புலயோ தொங்க விட்டிருக்கலாம்னு சொல்றாங்க. இறந்தவங்க விஷயம் இன்னைக்கும் வாதம்தான், ஏன்னா அந்தச் சதுப்பு மண்ணோட புளிப்புல எலும்பு கரைஞ்சுரும். பின்னாடி வந்த மாயாக்காரங்க செஞ்சது நல்லா தெரியும், 683ல இறந்த பாலென்கே ராஜா பகாலுக்கு முகத்து மேல ஜேட்ங்கற பச்சைக்கல் துண்டுங்களை ஒட்டுன முகமூடியோடதான் அடக்கம் பண்ணியிருக்காங்க.

அதுக்காக ஓல்மெக்காரங்க முகமூடி போட்டு ஆடவே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. குர்ரேரோ மாநிலத்துல ஒக்ஸ்தொதித்லான்னு ஒரு குகை, வாய்க்கு மேல பாறையில பெரிய ஓவியம். சிறுத்தை முக ஆசனத்துல ஒருத்தர் உக்காந்திருக்காரு, உடம்பு முழுக்க பச்சை இறகு, தலையில ஆந்தை முகமூடி. அந்த முகமூடியை வரைஞ்ச ஆளு உள்ள இருக்கற மனுஷ முகத்தையும் சேர்த்தே வரைஞ்சுட்டாரு, எக்ஸ்ரே எடுத்த மாதிரி ரெண்டும் தெரியும். பறவையும் அவருதான் ராஜாவும் அவருதான். மொரேலோஸ் மாநிலம் சால்காத்சிங்கோவுல பாறைச் செதுக்குல அலகு வச்ச முகமூடிக்காரங்க நடந்து வர்றாங்க, எதிர்ல கையைக் கயித்தால கட்டிப்போட்ட ஒருத்தர் உக்காந்திருக்காரு. இந்த மாதிரி சடங்குக்குப் போட்டது பெரும்பாலும் மரமும் இறகும் தோலுமாத்தான் இருந்திருக்கும், அதெல்லாம் மக்கிப் போச்சு, நம்ம கைக்கு வந்து சேர்ந்தது கல்லு மட்டும்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேதான். அந்தக் கல் முகங்களை அவங்க கடைசியா என்ன பண்ணாங்கன்னு பாருங்க. தண்ணிக்கும் மண்ணுக்கும் குடுத்துட்டாங்க! வெராக்ரூஸ் தெக்குல அர்ரோயோ பெஸ்கேரோன்னு ஒரு ஓடை, 1969ல உள்ளூர்க்காரங்க அதுக்குள்ள முங்கி எடுத்தப்போ பளபளன்னு கற்கோடாலிங்களும் ஆள் முகத்தளவு முகமூடிங்களும் வந்துச்சு. நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலக்குற இடம் அது, பின்னாடி 2012ல ஆய்வாளர்கள் முறையா முங்கிப் பார்த்தப்போ மக்காச்சோளக் கதிர் மாதிரி செதுக்குன ஜேட் ஒண்ணும் கிடைச்சுது. அதுக்கும் முந்தின காலத்துப் படையல் எல் மனதின்னு ஒரு மலையடி ஊத்துல இருக்கு, அங்க சேத்துக்குள்ள ஜேட் கோடாலி, ரப்பர் பந்து, பாயில சுத்தின மரத் தலைச்சிலைங்க, கூடவே பச்சைக் குழந்தைங்க எலும்பு. மழைக்கும் ஊத்துக்கும் குடுத்த பலின்னுதான் சொல்றாங்க, படிக்கும்போது மனசு கனக்கத்தான் செய்யுது.

லா வெந்தாவுல இன்னும் பெருசு. ஏறக்குறைய 485 செர்பென்டைன்ங்கற பச்சை நிறக் கல் துண்டுங்களை வெட்டி அடுக்கி, வீட்டுக் கூடம் அளவுக்குத் தரையில ஒரு முகம் பண்ணாங்க, பார்க்கறவங்க நிறைய பேர் அதைச் சிறுத்தை முகம்னு சொல்றாங்க. பண்ணி முடிச்ச கையோட களிமண்ணைக் கொட்டி மூடிட்டாங்க. ஒண்ணு இல்லை, இதே மாதிரி மூணு. அதுல ஒண்ணுக்கு அடியில ஆழக் குழி வெட்டி 28 அடுக்கு செர்பென்டைன் கல், எல்லாம் சேர்த்து சுமார் 1000 டன், கல்லே கிடைக்காத சதுப்புத் திட்டுக்குள்ள கொண்டு வந்து புதைச்சிருக்காங்க. பார்க்கறதுக்குன்னு செஞ்சிருந்தா ஏன் மூடுறாங்க? செய்யுறதும் குடுக்குறதும்தான் சடங்கு, காட்டுறது இல்லை.

அதே லா வெந்தாவுல 1955ல ஒரு படையல் கிடைச்சுது, 16 சின்ன நின்ன சிலை, பின்னாடி தூண் மாதிரி 6 கற்கோடாலி. ஒருத்தர் மட்டும் சொரசொரக் கல்லு, அந்தக் கோடாலிக்கு முதுகைக் காட்டி நிக்கிறாரு, மத்தவங்க எல்லாம் ஜேட், செர்பென்டைன், அவரைப் பார்த்து நிக்கிறாங்க, நம்ம ஊர்க் கூட்டம் மாதிரியே. மண்ணைப் போட்டு மூடி, மேல கலர் கலரா தரை போட்டுட்டாங்க. பல காலம் கழிச்சு யாரோ வந்து சரியா அந்த இடத்துக்கு மேல குழி வெட்டி, தலை தெரியுற வரைக்கும் தோண்டி, எல்லாம் வச்ச எடத்துல இருக்கான்னு பார்த்துட்டு ஒண்ணையும் எடுக்காம திரும்ப மூடியிருக்காங்க! அந்தக் குழித் தடம் மண்ணு நிறத்துல அப்படியே தெரிஞ்சுது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். எங்க என்ன புதைச்சோம்னு தலைமுறை தலைமுறையா சொல்லி வச்சிருந்திருக்காங்க.

கூடலூர்லேர்ந்து கல்வேலை செய்யுற அண்ணன் ஒருத்தர்: இரும்பு இல்லாம இவ்ளோ வழவழன்னு எப்படி?

அண்ணே, உளியால தட்டுற வேலையே இல்லை இது, தேய்க்கிற வேலை. ஜேட்ல ஒரு வகையான ஜேடைட் கல்லோட கடினம், 1லேர்ந்து 10 வரைக்கும் அளக்குற மோஸ் அளவுல 6.5லேர்ந்து 7, இரும்புக் கத்தியாலயே லேசுல கீற முடியாது, அது வந்ததும் குவாத்தமாலா மொதாகுவா ஆத்துப் பள்ளத்தாக்குலேர்ந்து. குவார்ட்ஸ் மணலைத் தண்ணியில குழைச்சுப் போட்டு அது மேல கயிறை இழுத்து இழுத்து அறுப்பாங்க, அறுக்குறது கயிறு இல்லை, மணல்தான். துளைக்கு நாணல் குச்சி, பறவை எலும்பு மாதிரி உள்ள பொந்தா இருக்கறதை மணலோட வச்சுக் கையால உருட்டணும். முதல்ல வாய் ஓரம், மூக்குத் துளை, கண்ணு முனைன்னு துளையைப் போட்டுட்டு அப்புறம் நடுவுல எடுத்துச் சேர்ப்பாங்க. அடுத்த தடவை கிட்ட எடுத்த படம் கிடைச்சா வாயோட ரெண்டு ஓரத்தையும் பாருங்க, உருண்டையா ஒரு குழி தெரியும், அதுதான் துளை போட்ட தடம். அப்புறம் மென்மையான தூளைப் போட்டு நாள் கணக்கா மெருகு. சில முகத்துல மெல்லிசா கோடு கீறி செந்தூரச் சிவப்பு தேச்சிருக்காங்க. உங்களுக்குத்தான்ணே அதோட உழைப்பு முழுசா புரியும்.

பண்ணைக்காட்டுலேர்ந்து ஒரு வாசகர்: இவங்க தமிழர்தான்னு ஒரு வீடியோ பார்த்தேன். கப்பல்ல போனாங்களாம்.

இல்லைங்க ஐயா. ஆப்பிரிக்காவுலேர்ந்து போனாங்க, சீனாவுலேர்ந்து போனாங்கன்னும் இதே மாதிரி வீடியோ இருக்கு, மூக்கும் உதடும் ஒத்துப் போகுதுங்கறதை வச்சு. அந்த மண்ணுல அவங்க பயிரும் பானையும் ஊரும் படிப்படியா வளர்ந்தது அடுக்கடுக்கா அகழாய்வுல தெரியுது, அவங்க பேசினது மிஹே–சோக்கே குடும்ப மொழியா இருக்கும்னு மொழி ஆய்வாளர்கள் சொல்றாங்க, அந்தக் குடும்பத்து மொழிங்களை இன்னைக்கும் அங்க பேசுறாங்க. அந்த சனங்களோட தாத்தன் பாட்டி வேலையைப் பிடுங்கி நம்ம பேர்ல எழுதிக்கறது நியாயம் இல்லை. நமக்கு நம்மளதே நிறைய இருக்கு.

கொடைக்கானல்லேர்ந்து ஒருத்தர்: ஆன்லைன்ல "ஒரிஜினல் ஓல்மெக் ஜேட் மாஸ்க்"னு விக்கிறாங்க. வாங்கலாமா?

வாங்காதீங்க. போலியா இருந்தா காசு போச்சு, நிஜமா இருந்தா திருட்டுப் பொருள். மெக்ஸிகோவுல 1972 சட்டப்படி மண்ணுக்குள்ள இருக்கற பழம்பொருள் எல்லாமே நாட்டுக்குச் சொந்தம். மேல சொன்ன சால்காத்சிங்கோவுலேர்ந்து ஒரு பெரிய செதுக்குக் கல், பூமியோட வாய் திறந்து நிக்கிற மாதிரி முகம், அதைக் கடத்திட்டுப் போய் அமெரிக்காவுல எங்கெங்கயோ வச்சிருந்து 2023லதான் திரும்ப வந்துச்சு. அர்ரோயோ பெஸ்கேரோ முகங்களும் அப்படித்தான், முங்கி எடுத்தவங்க வித்து, கை மாறி கை மாறி உலகம் பூரா போயிருச்சு. எது எது பக்கத்துல இருந்துச்சு, எந்தப் பக்கம் பார்த்து வச்சிருந்தாங்க, மேல என்ன மண்ணு, எதுவும் இப்ப தெரியாது. லா வெந்தா படையலைப் பத்தி நான் இவ்ளோ எழுத முடிஞ்சுது, ஏன்னா அதை வச்ச எடத்துலயே வச்சு வரைஞ்சு, அளந்து, படம் பிடிச்சுட்டு அப்புறம் எடுத்தாங்க.

தாண்டிக்குடிலேர்ந்து, காபித் தோட்டத்துல வேலை செய்யுற வாசகர்: எங்க பக்கம் பாண்டவர் வீடுன்னு கல்லு வீடு இருக்கு. அதுலயும் முகமூடி இருந்திருக்குமா சார்?

முகமூடி இல்லைங்க, ஆனா கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. பலகைக் கல்லை வச்சுக் கட்டுன அந்தக் கற்திட்டைங்க இரும்புக்கால மக்களோட ஈமச்சின்னம். செண்பகனூர் மியூசியத்தோட சம்பந்தப்பட்ட ஏசு சபைச் சாமியார் ஆங்லேட், பழனி மலைக் கற்திட்டைங்களை ஒவ்வொண்ணா நடந்து பார்த்து அளந்து எழுதினது 1928ல தொல்லியல் துறை வெளியீடா வந்துச்சு. தாண்டிக்குடிலயே பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு பண்ணியிருக்காரு. நீலகிரிலயும் உண்டு, மலை உச்சிங்கள்ல கல்வட்டம். அதுக்குள்ள கிடைச்ச பானை மூடி மேல எருமை, குதிரை, மனுஷன்னு மண்ணுல பொம்மை செஞ்சு உக்கார வச்சிருக்காங்க, அவ்ளோ உசிரோட இருக்கும், வெண்கலக் கிண்ணமும் கிடைச்சுது. நீலகிரி கமிஷனரா இருந்த பிரீக்ஸ் தோண்டி எடுத்ததைப் பத்தின புஸ்தகம் அவர் இறந்தப்புறம் 1873ல வந்துச்சு, பொருளுங்க சென்னை மியூசியத்துலயும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துலயும் இருக்கு.

ஓல்மெக்குக்கும் நமக்கும் உறவு கிடையாது, ஆனா செஞ்ச நல்ல பொருளை மண்ணுக்குக் குடுக்கற மனசு ரெண்டு பேருக்கும் இருந்திருக்கு. அதனாலதான் அந்தப் பலகைக் கல்லை எடுத்துத் துணி துவைக்கிற கல்லாப் போடுறது, புதையல் இருக்குன்னு ராத்திரியில நோண்டுறது இதெல்லாம் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியுது. உள்ள தங்கம் தேடுறவனுக்கு ஒண்ணும் கிடைக்கறதில்லை, ஆனா அவன் கலைச்சுட்டுப் போனதை யாராலயும் திரும்ப அடுக்க முடியாது. உங்க மேஸ்திரிகிட்டயும் கூட வேலை செய்யறவங்ககிட்டயும் சொல்லுங்க, கல்லைப் பெயர்க்க வேண்டாம், மேல கொடி படர்ந்தா படரட்டும்.

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிலேர்ந்து (படகர் ஊர்), பேர் போட வேண்டாம்னு சொன்னவர்: கவாத்து முடிச்சு ஓரத்துல பள்ளம் எடுத்தப்போ கறுப்பு சிவப்புப் பானை ஓடு, கூடவே எருமைத் தலை மாதிரி ஒரு மண் பொம்மை வந்துச்சு. என்ன பண்றது? நிலத்தை எடுத்துக்குவாங்களோன்னு பயமா இருக்கு.

முதல்ல, எழுதி கேட்டீங்களே, அதுக்கு ரொம்ப நன்றிங்க. பயப்படாதீங்க. 1878 புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள பொருள் மண்ணுக்குள்ள கிடைச்சா கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும், சொல்லாம வச்சுக்கறதுதான் தப்பு, சொல்றது தப்பில்லை. வி.ஏ.ஓ.கிட்டயோ தாசில்தார் ஆபீஸ்லயோ எழுத்து மூலமா குடுத்து ஒரு காப்பியில கையெழுத்தும் தேதியும் வாங்கி வச்சுக்கங்க. ஓட்டைக் கழுவாதீங்க, உள்ள ஒட்டியிருக்கற மண்ணுலயும் விஷயம் இருக்கும். பொம்மையை எந்த எடத்துலேர்ந்து எடுத்தீங்களோ அங்க ஒரு குச்சி நட்டு, மேலேர்ந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு போன்ல படம் எடுத்துடுங்க, அளவுக்குப் பக்கத்துல ஒரு தீப்பெட்டி வச்சு. இன்னும் தோண்ட வேண்டாம், பள்ளத்தை மண்ணு போட்டு மூடவும் வேண்டாம். தார்ப்பாய் போட்டு ஓரத்துல கல்லு வச்சிடுங்க, தண்ணி உள்ள இறங்காம மேல்பக்கமா ஒரு சின்ன வாய்க்கா மட்டும் எடுத்து விடுங்க. ஆபீஸ்காரங்க பார்க்க வர்ற அன்னைக்குக் கூட ஒரு ஆள் வேணும்னா சொல்லுங்க, நானே வர்றேன்.